கடலோரச் சாலையில் சின்னக் குழந்தைகளுடன்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகளும் ஒன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். ஐந்து நாள் விடுமுறையில் கடலோரச் சாலை வழியாகக் காரில் போய்வர நினைக்கிறோம். நாளொன்றுக்கு 350 கிலோமீட்டர் என்று என் கணவர் கணக்கிட்டிருக்கிறார். குழந்தைகள் தாங்குவார்களா?

பதில்: தாங்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். உள்நாட்டு நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டரை ஐந்து மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் கழிமுகங்களைச் சுற்றிக்கொண்டும், குன்றுகளை ஒட்டி வளைந்தும், கரையோர ஊர்களுக்கு நடுவே வேகத்தைக் குறைத்தும் செல்லும் சாலையில் அதே தூரம் ஒரு பகல் முழுவதையும் விழுங்கிவிடும். வண்டி ஓட்டுபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குறைந்தது 15 நிமிடமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்பது பொது விதி. குழந்தைகள் உடன் இருக்கையில் அந்த 15 நிமிடம் முக்கால் மணி நேரமாக நீளும், நீளவும் வேண்டும். ஆகவே உங்கள் கணவர் போட்ட கணக்கைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு நாளில் வண்டி ஓடுவது மூன்று மணி நேரத்தைத் தாண்டாமல், அதுவும் இரண்டு பகுதிகளாகப் பிரிந்து இருக்கட்டும்.

அந்த மூன்று மணி நேரத்தை நாளின் எந்தப் பகுதியில் வைப்பது என்பதுதான் தூரத்தைவிட முக்கியம். கடலைவிட நிலம் விரைவாகச் சூடேறுவதால், முற்பகலில் கடற்காற்று எழுந்து பிற்பகலில் வலுப்பெறுகிறது. அதனால் பெரும்பாலான நாட்களில் அதிகாலைக் கடலே அமைதியாக இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருப்பதும் ஏறத்தாழ காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணி வரையில்தான். குழந்தைகள் மதிய உணவுக்குப் பின் தூங்குவதும் இதே இடைவெளியில்தான் வருகிறது. எனவே காலையிலும் மாலையிலும் கடற்கரை, நடுப்பகலில் கார் என்று வைத்துக்கொண்டால், கடுமையான வெயில் நேரத்தில் குழந்தைகள் நிழலில் உறங்கிக்கொண்டே ஊர் கடப்பார்கள். பலர் குழந்தைகளின் தூக்கத்தை முன்னிட்டு நள்ளிரவிலோ விடியலுக்கு வெகு முன்போ புறப்படுகிறார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி ஓட்டுபவரின் உடலும் உறக்கத்துக்கு ஏங்கும் நேரம் அது, தூக்கக் கலக்கத்தால் நேரும் விபத்துகள் அப்போதுதான் மிகுதி.

இன்னும் இரண்டு செய்திகள். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடாக இருந்தால் கடல் இடப்பக்கம் வருமாறும், வலப்பக்கம் ஓட்டும் நாடாக இருந்தால் வலப்பக்கம் வருமாறும் பயணத் திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். அப்படிச் செய்தால், கடலைப் பார்க்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எதிர்வரும் வாகனங்களைக் குறுக்கிட்டுத் திரும்பவோ, குழந்தைகளைக் கையில் பிடித்தபடி சாலையைக் கடக்கவோ தேவையிராது. அடுத்து, ஐந்து நாளில் ஐந்து ஊர்களில் தங்காதீர்கள். ஓரிடத்திலாவது இரண்டு இரவுகள் தங்குங்கள். தினமும் புதிய அறையில் கண்விழிப்பது சின்னக் குழந்தையைக் களைப்படையச் செய்கிறது.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு வளைவான சாலைகளில் வாந்தி வருகிறது. அவன் தங்கைக்கு வயது ஒன்று. அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் இப்படி? மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு உடல் அசைவதாகச் சொல்லும்போது, கண்கள் காரின் அசையாத உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், இரண்டு செய்திகளும் மூளையில் முரண்படுகின்றன, குமட்டல் அதன் விளைவு. இது இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரிதாகவே வரும், இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையில் அதிகம் வரும். ஆகவே உங்கள் பிள்ளைகளிடம் காணும் வேறுபாடு இயல்பானதே.

அவன் பார்வை தொலைவில் இருக்க வேண்டும். கடலோரச் சாலையில் அடிவானம் கண்ணெதிரே விரிந்திருப்பது உங்களுக்குக் கிடைத்த பெரிய துணை. முன்புறக் கண்ணாடி வழியாகவோ கடல் பக்கமாகவோ அவன் பார்க்கும்படி பின்னிருக்கையில் உட்காரவையுங்கள். புத்தகமும் கைபேசியும் வளைவுச் சாலையில் வேண்டாம். கதை கேட்கலாம், பாட்டுப் பாடலாம். புறப்படுவதற்கு முன் வயிறு முட்டவும் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. சன்னலைச் சற்றுத் திறந்து காற்று வரவிடுங்கள். அவன் முகம் வெளுத்துப் பேச்சு குறைந்தால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துங்கள். மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். குமட்டலுக்குத் தரப்படும் சில ஒவ்வாமை மருந்துகள் சின்னக் குழந்தைகளின் மூச்சைத் தளரச் செய்யக்கூடியவை.

கேள்வி: குழந்தை இருக்கையில் கட்டினால் என் மகள் அழுகிறாள். மெதுவாகத்தானே போகிறோம், மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பதில்: பெரியவர்களின் அன்பில் குறையில்லை, ஆனால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி நிற்பது, ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் எவ்வளவு வலிமையான கைகளாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. இருக்கை பின்னோக்கிப் பொருத்தப்பட்டிருந்தால் குழந்தையின் தலையும் கழுத்தும் முதுகும் சேர்ந்து தாங்கப்படும். அதனால்தான், இருக்கைத் தயாரிப்பாளர் குறித்துள்ள உயர, எடை வரம்பை எட்டும்வரை குழந்தையைப் பின்னோக்கியே உட்காரவைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018 இல் அறிவுறுத்தியது. ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் அத்தகைய இருக்கையை ஒருபோதும் பொருத்தக் கூடாது. அழுகை கூடினால் வண்டியை நிறுத்தி, இறக்கி, தூக்கிவைத்துச் சமாதானப்படுத்தி, பிறகு கட்டுங்கள். பயணத்துக்கு முன்பே வீட்டருகே சின்னச் சின்னத் தூரங்களுக்குப் பழக்கினால் பாதி அழுகை குறையும்.

கேள்வி: நல்ல காட்சியிடம் வரும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், கண்ணாடியைச் சிறிது இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வரலாமா?

பதில்: கூடாது. நிறுத்திய கார்களை அளந்து 2005 இல் வெளியான ஓர் ஆய்வில், உட்புற வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. சன்னலைச் சற்றுத் திறந்துவைத்ததால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை. குழந்தையின் உடல் வெப்பமோ பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவாக ஏறும். ஒருவர் பார்த்துவிட்டு வரும்வரை மற்றவர் வண்டியிலேயே இருங்கள்.

கேள்வி: வழியில் ஆளில்லாத அழகான கடற்கரைகள் பல வரும். அங்கே குழந்தைகளை இறக்கி விளையாட விடலாமா?

பதில்: மணலில் விளையாடலாம், தண்ணீரில், உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகளுக்கு இடைப்பட்ட பகுதி கண்காணிப்பில் உள்ளது என்று பொருள். இரட்டைச் சிவப்புக் கொடி இருந்தால் கடலில் இறங்கவே கூடாது.

பெற்றோரை மிகவும் ஏமாற்றுவது கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். இருபுறமும் அலைகள் நுரைத்து உடையும்போது நடுவில் ஓரிடம் மட்டும் அலை உடையாமல், சற்றுக் கருமையாக, அமைதியாகத் தோன்றும். குழந்தைக்கு ஏற்ற இடம் என்று நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதைத்தான்; நீர் கடலுக்குள் திரும்பிப் பாயும் வழியோ அதுவே. அதன் வேகம் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடும், தேர்ந்த நீச்சல்காரரும் எதிர்த்து நீந்த முடியாது. சிக்கிய பெரியவர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். சின்னக் குழந்தையால் அது ஆகாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சலிடுவதும் இல்லை. ஆகையால் கால் நனைக்கும்போதும் கையெட்டும் தூரத்தில் ஒருவர் இருங்கள், அவர் கையில் கைபேசி இல்லாமல் இருக்கட்டும். காற்று நிரப்பிய மிதவைகளைக் கடலில் கொடுக்காதீர்கள். நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று அவற்றை நொடிகளில் அடித்துச் சென்றுவிடும்.

பாறைகள் சூழ்ந்த சிறு விரிகுடாவாக இருந்தால் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தாழ் ஓதத்துக்குப் பின் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நீர் முழுதாக ஏறி, நீங்கள் வந்த வழியை மூடிவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது இன்னும் மேலே வரும். மணலில் தோண்டும் குழி குழந்தையின் முழங்கால் அளவைத் தாண்டக் கூடாது. ஆழமான குழி சரிந்து புதைந்தால் மூச்சு முட்டும். மணல்மேடுகளில் சுரங்கம் தோண்டவும் விடாதீர்கள்.

கேள்வி: மேகமூட்டமான நாளில் சன்ஸ்கிரீன் தேவையா?

பதில்: தேவை. மெல்லிய மேகத்தை ஊடுருவிப் புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதி வந்துவிடுகிறது; மணலும் கடல்நுரையும் அவற்றைத் திருப்பி வேறு வீசுகின்றன. எஸ்.பி.எஃப் எனப்படும் வெயில் காப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்டதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரில் நனைந்த பிறகும் பூசுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அதைப் பூசுவதைவிட நிழலும், அகன்ற தொப்பியும், உடலை மூடும் மெல்லிய உடையுமே ஏற்றவை.