மேல்முறையீட்டை ஏற்றாலே ஜெயித்த தீர்ப்பு போய்விடுமா?

முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நிலவழக்கில் ஜெயித்தும், எதிர்த்தரப்பின் இரண்டாம் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரணைக்கு ஏற்றதால் எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை, தைரியமாக இருங்கள்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீட்டை ஏற்க முடியும். அந்தக் கேள்வியை நீதிபதி எழுதி வைப்பார். விசாரணை அதைச் சுற்றித்தான் நடக்கும். சாட்சி, நிலம் யார் அனுபவத்தில் (கைவசத்தில்) இருந்தது என்பது பற்றி இரண்டு கோர்ட்டும் சொன்ன முடிவுகளை வழக்கமாகக் கிளற மாட்டார்கள். அப்படியொரு சட்டக் கேள்வியே இதில் எழவில்லை என்று உங்கள் தரப்பும் இறுதி விசாரணையில் வாதாடலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

அவசரமாகப் பார்க்க வேண்டியது வேறு. உத்தரவு நகலை வாங்கி, இடைக்காலத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பு நிற்காது. அதே சட்டத்தின் கட்டளை 41, விதி 5 அதைத் தெளிவாகச் சொல்கிறது. தடை இல்லையென்றால் நிலத்தின் சுவாதீனத்துக்கு (கைவசத்துக்கு) நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் மனு, போடலாம். தடை இருந்தால் அதை நீக்கக் கேட்டு உங்கள் வக்கீல் மனு போடட்டும். அப்புறம், நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பிவிடாதீர்கள். நீங்கள் ஆஜராகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே முடிவு வந்துவிடலாம்.