35 அங்குல டயர் போட்டாச்சு, ஐந்தாவது கியர் இழுக்கவில்லை: ஆக்ஸில் கியரை மாற்றணுமா?

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "என்னிடம் இருப்பது 2013 ஜீப் ராங்லர் சஹாரா, ஜேகே மாடல், 3.6 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். போன வருடம் இரண்டரை அங்குலம் லிஃப்ட் செய்து 35 அங்குல டயர் போட்டேன். தினமும் அபுதாபிக்கு வேலைக்குப் போய் வருகிறேன், விடுமுறையில் அல் பதாயர் மணலுக்குப் போவேன். ஹைவேயில் ஒரு மேம்பாலம் ஏறினாலே ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று கியர் இறங்குகிறது. ஆக்ஸில் ரேஷியோ 3.21 என்கிறார்கள். ஒரு கராஜில் 5.13 போடு என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 4.88. நண்பரோ கியரெல்லாம் வேண்டாம், கம்ப்யூட்டரில் டியூன் செய்தால் போதும் என்கிறார். லிஃப்ட் செய்ததால்தான் இப்படி ஆனதா? எதைப் போடுவது?"

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: 4.56. முன்னும் பின்னும் சேர்த்து, ஒரே வேலையாக. ஆக்ஸில் ரேஷியோ என்பது, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்ஜின் பக்கமிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்ற கணக்கு. எண் கூடினால் இழுவை கூடும், எஞ்ஜினும் வேகமாகச் சுற்றும்.

லிஃப்ட் இதற்குக் காரணமில்லை, டயர்தான். ஸ்பிரிங் உயர்ந்ததால் காற்றுத் தடை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். உங்கள் வண்டியோடு வந்த டயர் சுமார் 32 அங்குலம். 35 போட்டதும் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஒன்பது சதவீதம் அதிகத் தூரம் போகிறது, எஞ்ஜின் அதே அளவுக்கு மெதுவாகச் சுற்றுகிறது. 120 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தாவது கியரில் முன்பு 2,080 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இருந்திருக்கும், இப்போது 1,900தான். இந்த 3.6 எஞ்ஜினின் முழு இழுவை வருவதே 4,800 ஆர்பிஎம்மில். 1,900-இல் அது பாதித் தூக்கத்தில் இருக்கிறது. பாலம் வந்ததும் கியரை இறக்காமல் வேறென்ன செய்யும்?

இங்கே பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். 3.21-ஐ 35-ஆல் பெருக்கி 32-ஆல் வகுத்தால் 3.51 வரும், அந்தப் பக்கம் ஏதாவது போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடலாம் என்று. ஆனால் பழைய நிலையே சொத்தைதானே! 3.21 என்பது பெட்ரோல் கணக்கைக் காகிதத்தில் அழகாகக் காட்டுவதற்காக வைத்த ரேஷியோ. அதே வண்டிக்கு 3.73-ம் கம்பெனியே கொடுத்தது, ராங்லரிலேயே ஆஃப்ரோடு மாடலான ரூபிகானுக்கு 4.10 கொடுத்தது. 3.73-ஐ 35 அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் 4.08. அதாவது உங்கள் டயரோடு 4.10 போட்டால், 3.73 வாங்கியவர் ஷோரூமிலிருந்து ஓட்டி வந்தபோது இருந்த சுகம் கிடைக்கும். அதற்கு மேல் கனமான டயர், கூடின உயரம், பின்னால் ஏற்றும் சாமான் எல்லாவற்றுக்கும் ஒரு படி கூட்டி 4.56.

120-இல் ஐந்தாவது கியரில் 4.56 சுமார் 2,700 ஆர்பிஎம் காட்டும், 4.88 என்றால் 2,900, 5.13 என்றால் 3,050. ஓடும்போது டயர் கொஞ்சம் நசுங்குவதால் நிஜத்தில் சற்றுக் கூடவே இருக்கும். அபுதாபி எல்லைக்குள் 140-இல் போவீர்கள் என்றால் 4.88 அப்போது 3,400-ஐத் தொடும். தினமும் இரண்டு வேளை அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து போவது நீங்கள், கராஜ்காரர் இல்லை. 5.13 பெரும்பாலும் 37 அங்குல டயர்க்காரர்களுக்கு. எண் பெரிதாகப் பெரிதாகப் பினியனின் (ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும் சின்னப் பல்சக்கரம்) தலை சிறுத்துக்கொண்டே போகும்: 4.56-இல் 9 பல், 4.88-இலும் 5.13-இலும் 8. உங்கள் சஹாராவில் முன்னால் இருப்பது டானா 30 ரக ஆக்ஸில், பின்னால் இருக்கும் டானா 44-ஐவிட மெலிந்தது. மணலில் மாட்டிக்கொண்டு முன்னும் பின்னும் உதைக்கும்போது அந்தச் சின்னப் பினியன்தான் முதலில் அடி வாங்கும்.

மைலேஜ் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கியர் தேடித் தேடி இறங்குவது நிற்கும், ஆட்டோமேட்டிக் பெட்டியின் ஆயில் குறைவாகச் சூடாகும், ஐந்தாவது கியர் உண்மையிலேயே பயன்படும். பெட்ரோல் செலவில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். இப்போது மைலேஜ் மோசம் என்று நீங்கள் நினைப்பதிலேயே ஒரு பங்கு பொய். டயர் மாறியதை மீட்டருக்குச் சொல்லியிருக்க மாட்டீர்கள், அது 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி 109 போயிருக்கும். மீட்டர் 120 காட்டினால் நிஜத்தில் 131. ரேடார் அபராதம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை, உங்களுக்கே தெரியும்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. டியூன் செய்தால் ரேஷியோ மாறாது, இல்லாத இழுவையும் வராது. ஆனால் கியர் மாற்றிய அன்றே புரோகிராமர் கருவி வைத்து டயர் அளவையும் புது ரேஷியோவையும் கம்ப்யூட்டரில் ஏற்றியே ஆக வேண்டும். விட்டால் கியர் மாறும் நேரமெல்லாம் குழம்பும்.

இனி கராஜ்களைப் பற்றி. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்களை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பெரும்பாலும் கமிஷன் வாங்குபவர், அவருக்கு எந்தக் கடையில் எந்த செட் தேங்கிக் கிடக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்கு ஏற்ற ரேஷியோ. 5.13 என்று ஒருவர் அடித்துச் சொன்னால், அலமாரியில் 5.13 இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த தந்திரம், "பின்னால் மட்டும் மாற்றுங்கள், முன்னாலே அப்புறம் பார்த்துக்கலாம்." டூ வீலில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. மணலுக்குப் போய் ஃபோர் வீல் போட்ட அன்று, முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் இன்னொரு வேகத்திலும் சுற்றப் பார்க்கும். நடுவில் மாட்டிக்கொள்வது, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி. அது அறுந்தால் மிச்சம் பிடித்த காசு எத்தனை மடங்காகப் போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கேரியர். பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் திருகி உட்காரும் கூடு அது. 3.21-க்கான கேரியரில் 3.73-க்கு மேற்பட்ட கிரவுன் நேராக உட்காராது, கேரியரையும் மாற்ற வேண்டும். விலை கேட்கும்போது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, ஆக்ஸிலைப் பிரித்துப் போட்ட பிறகு ஃபோன் செய்து "அண்ணே, கேரியர் வேற ஆகும்" என்பார்கள். இல்லையென்றால் இடையில் ஒரு வளையத்தை வைத்து ஒப்பேற்றுவார்கள். பிரிப்பதற்கு முன்பே, இரண்டு கேரியர், பேரிங், சீல், ஆயில் எல்லாம் சேர்த்து எழுத்தில் விலை வாங்குங்கள். பழைய கேரியர் இரண்டையும் கிரவுன் பினியனையும் உங்கள் கையில் தரச் சொல்லுங்கள்.

கூலியில் பேரம் பேசாதீர்கள். பினியன் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும், கிரவுனுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதை மயிரிழை அளவில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். பல்லில் மஞ்சள் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்தால் அழுத்தம் விழும் இடம் தெரியும். அது பல்லின் நடுவில் விழ வேண்டும். அந்தத் தடத்தை முன், பின் இரண்டுக்கும் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆக்ஸிலும் அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடமும்தான்.

புது கியரே வாங்காமல் தப்பிக்க ஒரு வழி உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ரூபிகானின் ஆக்ஸில்கள் இரண்டையும் முழுசாக வாங்கிப் பூட்டிவிடுவது. இரண்டுமே டானா 44, லாக்கரோடு (இரு பக்கச் சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுற்றவைக்கும் அமைப்பு) வரும், ரேஷியோ பெரும்பாலும் 4.10, உங்கள் ஜேகேயில் போல்ட் போட்டு உட்கார்ந்துவிடும். 120-இல் 2,440 ஆர்பிஎம் வரும். ஹைவே அதிகம், மணல் குறைவு என்றால் இதுவே போதும், நுணுக்கமான செட்டிங் வேலையும் இல்லை. ஆனால் அமெரிக்க ஏலத்தில் வந்த விபத்து வண்டிகளிலிருந்துதான் இங்கே இவை பெரும்பாலும் கழற்றப்படுகின்றன. முன் ஆக்ஸில் குழாயின் இரு முனையிலும் சி வடிவில் ஒரு பிடி இருக்கும், அடி பட்டால் அது வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது, பூட்டிய பிறகு டயர் ஒரு பக்கமாகத் தேயும்போதுதான் தெரியும். அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ரூபிகான் ஆக்ஸில் என்று சொல்லி முன்னால் ஒரு வண்டியுடையதும் பின்னால் வேறொன்றும் தருவார்கள், ரேஷியோவே ஒத்துப்போகாது. கடைக்காரரின் வாய் வார்த்தை வேண்டாம், கிரவுன் சக்கரத்தின் விளிம்பில் 41, 10 என்று (41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.10) பொறித்திருக்க வேண்டும், மூடியைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறக்க விடவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். லாக்கருக்கு ஒயரிங் தனியாக இழுக்க வேண்டும், உங்கள் சஹாராவில் அந்த சுவிட்ச் கிடையாது. இத்தனையும் ஒத்து வந்தால் நல்ல பேரம். ஒன்று இடறினாலும் 4.56-க்கே போங்கள்.

உங்கள் வண்டியில் இப்போது இருப்பது உண்மையிலேயே 3.21-ஆ என்பதையும் யார் சொன்னாலும் நம்பாமல் எண்ணிப் பார்த்துவிடுங்கள். பின் சக்கரம் இரண்டையும் தரையைவிட்டுத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போடுங்கள். ஒரு சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பின்னால் போகும் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை சுற்றுகிறது என்று பாருங்கள். மூன்றே கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 3.21, மூன்றே முக்கால் என்றால் 3.73.

ஒரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ரேஷியோ கூடினால் அதே வேகத்தில் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். 120-இல் இப்போது 2,300 சுற்று என்றால் 4.56-இல் 3,260. லிஃப்ட் செய்ததால் ஷாஃப்ட்டின் கோணம் ஏற்கெனவே மாறியிருக்கிறது, இதுவரை அடங்கிக் கிடந்த அதிர்வு அப்போது தலைகாட்டும். உடனே கியர் செட்டிங் சரியில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் ஷாஃப்ட்டைப் பாருங்கள். 3.6 எஞ்ஜின் வண்டியில் லிஃப்ட் செய்த பிறகு முன் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை சைலன்சர் குழாயில் உரசிக் கிழிவதும் சகஜம். கீழே குனிந்து பார்த்தாலே தெரியும்.

வேலை முடிந்ததும் முதல் 800 கிலோமீட்டருக்கு மணல் கூடாது, டிரெய்லர் கூடாது. முதல் நாள் 25 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள், இப்படிச் சில தடவை. எடுத்த எடுப்பிலேயே அபுதாபிக்குப் போகாதீர்கள், கோடையில் சொல்லவே வேண்டாம். 800-இல் இரண்டு ஆக்ஸிலுக்கும் ஆயில் மாற்றுங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது மட்டுமோ விடும்போது மட்டுமோ ஊளைச் சத்தம் வந்தால், ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்று கராஜ்காரர் சொல்வதைக் கேட்காமல் அன்றே திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள். அது தானாகச் சரியாகாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத முல்கியா, அதாவது வண்டிப் பதிவு. கியர் ஆக்ஸிலுக்குள் இருக்கிறது, பதிவைப் புதுப்பிக்க நடக்கும் பாஸிங் சோதனையில் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கண்ணில் படுவது டயரும் உயரமும்தான். அனுமதியில்லாமல் எஞ்ஜினையோ சேஸியையோ மாற்றினால் 1,000 திர்ஹாம், 12 கரும்புள்ளி, 30 நாள் வண்டி பறிமுதல் என்று 2017 விதி சொல்கிறது. ஆனால் இரண்டரை அங்குல ஸ்பிரிங் அதில் சேருமா என்று கேட்டால் ஒரு சென்டரில் ஒரு பதில், அடுத்த சென்டரில் வேறு பதில். போன வருடம் பாஸான அதே வண்டி இந்த வருடம் அதே டயரோடு திரும்பி வருகிறது. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி ஒட்டிவைக்க என்ன கஷ்டமோ! அந்தக் குழப்பத்தில்தான் "பாஸிங் நான் பார்த்துக்கறேன்" என்கிற ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள். அவர்கள் செய்வது ஒன்றுதான், யாரிடமாவது நான்கு நாள் 32 அங்குல டயர் வாடகைக்கு எடுத்து மாட்டிக் காட்டிவிட்டு, மறுபடி 35-ஐ மாட்டிக் கொடுப்பது. அப்புறம் நடுவழியில் போலீஸ் நிறுத்தினால் அந்த ஏஜென்டின் ஃபோன் எடுக்காது. டயருக்கும் லிஃப்ட்டுக்கும் சேர்த்து உங்கள் எமிரேட்டின் அனுமதியை உங்கள் பெயரில் எழுத்தாக வாங்குங்கள். கியருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அதை முடியுங்கள், 35 கூடாது என்று வந்துவிட்டால் 4.56 தேவையில்லை, 33 அங்குலத்துக்கு 4.10 போதும்.