காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள் தம்பி

தம்பி, டெக்சாஸில் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த உங்கள் பெரியப்பா மகன் ஒன்றரை வருடமாகப் போன் பண்ணவில்லை, ஆள் தேடும் இணையதளத்தில் 30 டாலர் கட்டினால் முகவரி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, குளிர் ஜாக்கெட் பற்றியும். அதெல்லாம் உங்கள் அபார்ட்மெண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டாதீர்கள். அந்தத் தளங்கள் ஆளைத் தேடுவதில்லை. வீட்டுப் பத்திரம், கோர்ட் பதிவு, வாக்காளர் பட்டியல், பழைய டெலிபோன் டைரக்டரி என்று எங்கெங்கோ கிடக்கும் தாள்களை அள்ளிக் கோத்து விற்கிறார்கள். வீடு வாங்கியவன் அதில் அகப்படுவான். நாலு பேரோடு ஒரே ரூமில் தங்கி, ப்ரீபெய்டு போன் வைத்து, சம்பளத்தைக் கையில் வாங்குகிறவன் எப்படி அகப்படுவான்? தொடர்பு அறுந்து போகிறவர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகள்தானே.

நம் பெயர்கள் வேறு. தமிழ்ச்செல்வன் என்றால் ஒரு இடத்தில் ழகரத்துக்கு 'எல்', இன்னொரு இடத்தில் 'இஸட் ஹெச்'. அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடுவதால் அண்ணன் தம்பி பிள்ளைகள் அந்தத் தளங்களின் கணக்கில் உறவே இல்லை. ஆனால் என் மாமாவுக்கு நான் உறவு என்று போட்டிருக்கிறது. ஒரே முகவரிக்கு எனக்கும் பேங்க் கடிதம் வந்தது காரணமாக இருக்கும். மாமா தவறி மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தளத்தின் பக்கத்தில் இன்னும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் குடியிருக்கிறார்.

'கைது பதிவு இருக்கலாம்' என்று காட்டினால் பதறிப் பணம் கட்டாதீர்கள். வெறும் டிராஃபிக் டிக்கெட்டை வைத்துக்கூட அப்படிக் காட்டியதற்காக 2023இல் ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற இரண்டு தளங்களை அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் (FTC) 58 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஒரு தடவை கார்டு நம்பர் கொடுத்தால் மாதாமாதம் எடுக்கிற தளங்களும் உண்டு.

காசில்லாத வழிகளை முதலில் பாருங்கள். குடியேற்றக் காவலில் இருக்கிறாரா என்று ஐஸ் (ICE) என்கிற அமெரிக்கக் குடியேற்ற அமலாக்க அமைப்பின் தளத்தில், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல் பெயரும் பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம். ஊரிலிருந்து பெரியப்பா இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார் தளத்தில் புகார் பதியட்டும். டெக்சாஸ், ஹூஸ்டனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் கீழ் வரும். போலீசில் காணவில்லை என்று சொல்ல 24 மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் விசா முடிந்தவர் என்றால் முதலில் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். இன்னொன்று, வயது வந்தவரைப் போலீஸ் கண்டுபிடித்தாலும், அவர் வேண்டாம் என்றால் இருக்கும் இடத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அவர் பாஸ்போர்ட் படத்தைப் போடாதீர்கள். 'பார்த்தேன், பணம் அனுப்பு' என்று மறுநாளே ஒருவன் வருவான். இங்கே நம் ஆட்களிலும் சிலர் பெரிய வீடு வாங்கியதும் பங்கில் நிற்கும் பையனைத் தெரியாத மாதிரி போகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அது. அவர்களிடம் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள். அவர் வேலை பார்த்த பங்குக்கே போய் அடுத்த ஷிஃப்ட் ஆளைக் கேளுங்கள்.

நான் 1998இல் வந்தபோது நியூயார்க் பக்கத்தில் உள்ள நியூவர்க் விமான நிலையத்துக்குக் கம்பெனி ஆள் வரவில்லை. கையில் 200 டாலரும் ஏர்மெயில் உறையிலிருந்து கிழித்த மாமா முகவரியும். போனால் அங்கே வேறு யாரோ. டைரக்டரியில் அதே பெயரில் இருந்தவர்களுக்கெல்லாம் காசு போட்டுப் பேசினேன், ஒருவரும் அவரில்லை. கடைசியில் குயின்ஸில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில், சாம்பார் வாளியோடு நின்றவரிடம் போட்டோவைக் காட்டினேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்து வாங்கிப் பார்த்தார். "இவரா? சனிக்கிழமை வருவார், இரண்டு தோசை பார்சல்" என்றார். அன்று வியாழன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே போய் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மாமா பதினொரு மணிக்கு வந்தார்.