வலியே இல்லாத பல்லுக்குக் கேப் எதற்கு?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 52 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, வலி சுத்தமாக இல்லை. இப்போது கேப் போட வேண்டும், ஜிர்கோனியா (உலோகம் இல்லாத, பல் நிறக் கேப்) போட்டால் நல்லது என்கிறார் டாக்டர். வலி போன பல்லுக்கு இன்னும் எதற்குச் செலவு, பணம் பிடுங்குகிறார்களா?

கேப் போட்டுவிடுங்கள், அதுவும் தள்ளிப் போடாமல். நான் மதுரையில் ஒரு பல் லேபில் 17 வருடமாகக் கேப் செய்கிறவன். 'இவன் இப்படித்தான் சொல்வான்' என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. ஆனால் நானே என் பல்லுக்குக் கேப் போடாமல் இழுத்தடித்து, ஒரு சீடையிடம் பல்லைப் பறிகொடுக்கப் பார்த்தவன். அந்தக் கதை பிறகு.

முதலில் வலி விஷயம். ரூட் கெனாலில் பல்லின் நடுவில் ஓடும் நரம்பையும் ரத்தக் குழாயையும் எடுத்துவிட்டு, வேர்க் குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்துவிடுகிறார்கள். வலிக்கிறது என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை, அவ்வளவுதான். பல் பலமானதாக அர்த்தம் இல்லை. அந்தப் பல் ரூட் கெனால் வரைக்கும் போனதே பெரும்பாலும் சொத்தை ஆழமாக இறங்கியதால்தான். சொத்தை தின்றது போக, வேருக்குப் போய்ச் சேர டாக்டர் மேலே திறந்த வாசல் வேறு. மிஞ்சுவது சுற்றுச்சுவர்தான். 'ரூட் கெனால் செய்த பல் உள்ளே காய்ந்து நொறுங்கிவிடும்' என்று பலரும் சொல்வார்கள். காய்வதை விட, சுவர் குறைந்துபோனதுதான் பெரிய காரணம்.

வாயில் அளவெடுத்துச் செய்து எங்கள் மேசைக்கு வரும் பல் மாடலில் இப்படிப்பட்ட பல்லைப் பார்த்தால் சின்ன உரல் மாதிரி இருக்கும். நடுவில் குழி, அதை அடைத்த சிமெண்ட், சுற்றிலும் மெல்லிய விளிம்பு. மேல் பல்லின் மேடு வந்து இடிப்பது அந்தக் குழியில்தான். ஒவ்வொரு வாய்க்கும் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளிப்பக்கம் விரிகின்றன. ஒரு நாள் ஒரு சுவர் போதும் என்று உடைந்துவிடும்.

உவமையை இங்கே கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பாட்டி வீட்டு உலக்கையைப் பார்த்திருப்பீர்கள். நுனியில் இரும்புப் பூண் இருக்கும். அது கழன்ற பிறகும் அதே உலக்கையால் குத்தினால் மரம் நாராகப் பிளந்துவிடும். கேப் செய்யும் முக்கியமான வேலை அந்தப் பூணின் வேலைதான். மேலே மூடுவதை விட, சுற்றிலும் இறுக்கிப் பிடித்துச் சுவர்கள் விரியாமல் காப்பது. இதில் ஒரு கண்டிஷன் உண்டு. பூண் பிடிக்க மரம் வேண்டும் இல்லையா? அதே மாதிரி ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருக்க வேண்டும். வெறும் சிமெண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும் கேப் கொஞ்ச நாளில் சிமெண்டோடு சேர்ந்து கழன்று கையில் வந்துவிடும். இந்த 2 மில்லிமீட்டரைக் காப்பாற்றத்தான் சீக்கிரம் போடச் சொல்கிறேன்.

சரி, என் கதை. கீழ்த்தாடை, இடது பக்கம், முதல் கடைவாய்ப் பல். எங்கள் பாஷையில் 36. மே மாதம் ரூட் கெனால் முடிந்தது. இரண்டு வாரத்தில் கேப்புக்கு வாருங்கள் என்றார் டாக்டர். 'நம்ம லேப்தானே, எப்ப வேணா செஞ்சுக்கலாம்' என்று விட்டுவிட்டேன். ஜூன் போனது, ஜூலை போனது. கிருஷ்ண ஜெயந்திக்கு எதிர் வீட்டில் உப்புச் சீடை கொடுத்தார்கள். டிவி பார்த்துக்கொண்டே மென்றேன். சத்தம் சீடையுடையது என்றுதான் நினைத்தேன். விழுங்கப் போகும்போது நாக்கில் ஏதோ தகடு மாதிரி தட்டியது. எடுத்துப் பார்த்தால் பல்லின் நாக்குப் பக்கச் சுவர், முழுசாக. துளி வலி இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, "என்ன சார், நீங்களே இப்படிப் பண்ணா?" என்றார். உடைசல் ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தது. விரிசல் வேரைப் பிளந்திருந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. நல்லவேளை, அது வரை போகவில்லை. அந்தப் பக்கம் ஈறையும் கொஞ்சம் எலும்பையும் செதுக்கி, பல் வெளியே தெரியும்படி செய்து, ஆறு வாரம் ஆற விட்டு, பிறகு பல்லைக் கட்டியெழுப்பி அளவெடுத்தார். கேப்பை விட இந்தத் துணை வேலைக்குத்தான் அதிகம் செலவானது.

தற்காலிக கேப் ஒன்று ஒட்டி அனுப்பினார்கள். அந்தச் சிமெண்டில் கிராம்பு எண்ணெய்ச் சத்து இருக்கும். ஒரு வாரத்துக்குக் காபி குடித்தாலும் சாம்பார் சாப்பிட்டாலும் பின்னாலேயே ஒரு கிராம்பு வாசம். அம்மாவுக்கும் அப்படி இருந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்த நாள் லேபில் ஸ்லிப் வந்து விழுந்தது: '36, ஜிர்கோனியா, ஏ3'. (ஏ3 என்பது பல்லின் நிறத்துக்கான குறியீடு.) பக்கத்து மேசைப் பையன் படித்துவிட்டு, "அண்ணே, இது உங்க பல்லா?" என்று சிரித்தான். என் கேப்பை நானே செய்தேன்.

ஜிர்கோனியா என்றதும் ஏதோ வைரம் போல நினைத்துக்கொள்கிறார்கள். அது வரும்போது சாக்பீஸ் மாதிரித்தான் வரும். பெரிய தட்டு, நகத்தால் சுரண்டினால் மாவு உதிரும். கம்ப்யூட்டரில் பல்லை வடிவமைத்ததும் மெஷின் அந்தத் தட்டில் இருந்து கேப்பைக் குடைந்து எடுக்கும், ஆனால் 20 முதல் 25 சதவீதம் பெரிதாக. கையில் எடுத்தால் எந்த வாய்க்கும் பொருந்தாத யானைப் பல். அதை ஃபர்னஸில் வைத்து 1500 டிகிரி செல்சியஸ் பக்கம் கொண்டுபோனால் சுருங்கி, இறுகி, சரியான அளவுக்கு வந்து நிற்கும். சாயங்காலம் வைத்துவிட்டுப் போனால் காலையில் எடுக்கலாம். 17 வருடத்துக்குப் பிறகும் அந்தக் கதவைத் திறக்கும்போது ஒரு சின்னப் பரபரப்பு இருக்கத்தான் செய்கிறது. இதில் விரிசல் லேசில் ஓடாது. விரிசல் தொடங்கும் இடத்தில் இருக்கும் படிகங்கள் வடிவம் மாறி லேசாக விரியும்; அந்த விரிவு விரிசலை நெரித்து நிறுத்திவிடும்.

ஆனால் பொருள் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கேப்பின் ஆயுள் அதன் விளிம்பில்தான் இருக்கிறது. பல்லும் கேப்பும் சந்திக்கும் அந்தக் கோட்டை நாங்கள் மார்ஜின் என்போம். அது தெளிவாக இருந்தால் லென்ஸில் பென்சில் கோடு போலத் தெரியும். அளவெடுக்கும்போது ஈறோ எச்சிலோ குறுக்கே வந்துவிட்டால் கோடு மங்கிவிடும். நாங்கள் குத்துமதிப்பாகப் போட வேண்டியதுதான். அப்படி வந்தால் நான் டாக்டருக்குப் போன் செய்து மறுபடி அளவு கேட்பேன். அதனால் 'இன்னொரு தடவை அளவெடுக்க வரணும்' என்று கிளினிக்கில் இருந்து அழைத்தால் கோபப்படாதீர்கள். அந்தக் கிளினிக் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இனி எந்தக் கேப் என்ற கேள்வி. கடைவாய்ப் பல்லுக்கு, சிரித்தால் தெரியாது என்றால், முழு மெட்டல் கேப் இன்னும் நல்ல தேர்வுதான். யாரும் இப்போது கேட்பதில்லை, எனக்கு அதில் வருத்தம். மெல்லியதாகச் செய்யலாம், அதனால் பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும்; உடையாது; விலையும் குறைவு. நிக்கல் அலர்ஜி உள்ளவர்கள், கவரிங் நகை போட்டால் தோல் அரிப்பவர்கள், டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெட்டலின் மேல் பீங்கான் ஏற்றிய வகையைத்தான் பல கிளினிக்குகளில் 'செராமிக் கேப்' என்கிறார்கள். இதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. டெட்ராய்ட்டில் சார்லஸ் லேண்ட் என்ற பல் மருத்துவர் 1880களின் கடைசியில் முழுப் பீங்கான் கேப்பைக் கொண்டுவந்தார். (அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் தாண்டிய லிண்ட்பெர்க் இவருடைய பேரன்தான்.) அழகாக இருந்தது, ஆனால் கடைவாய்ப் பல்லின் கடிக்குத் தாங்கவில்லை. சூட்டில் உலோகம் விரியும் அளவும் பீங்கான் விரியும் அளவும் ஒத்துப்போகிற மாதிரி கலவை செய்து இரண்டையும் ஒட்டவைக்கும் முறைக்கு 1962ல் காப்புரிமை கிடைத்த பிறகுதான் இந்த இரட்டை வகை பரவியது. நல்ல வகைதான். குறை என்ன என்றால், சிலருக்கு மேல் பீங்கான் சில்லு பெயர்ந்து உள்ளே மெட்டல் தெரியும். ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு என் வாக்கு, முழுக்க ஜிர்கோனியாவால் ஆன கேப்புக்கு. அதன் மேல் பீங்கான் பூச்சு வேண்டாம், கடைவாயில் யார் பார்க்கப் போகிறார்கள்? கட்டுப்படியாகாவிட்டால் மெட்டல். இரண்டுமே பல்லைக் காப்பாற்றும். ஒன்றும் போடாமல் விடுவதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'வாரண்டி கார்டு 15 வருஷம்' என்று கொடுப்பார்கள். அது கேப்புக்குத்தான், அடியில் இருக்கும் பல்லுக்கு இல்லை.

விலையைப் பற்றி ஒன்று. லேபில் நாங்கள் வாங்கும் தொகைக்கும் கிளினிக்கில் கேட்கும் தொகைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு, மறைக்கவில்லை. அந்த இடைவெளியில் டாக்டரின் நேரம், வாடகை, சரியாக வராமல் மறுபடி செய்யும் கேப்பின் செலவு எல்லாம் இருக்கிறது. செலவு கையைக் கடித்தால், சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாலு நடை கூட நடக்க வேண்டியிருக்கும், செலவு மிகவும் குறையும்.

எல்லாப் பல்லுக்கும் கேப் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சொத்தைக்கு அடைத்தால் போதும். முன்பல்லில் ரூட் கெனால் செய்து, பின்பக்கம் சின்னத் துளை மட்டும் இருந்தால் அடைப்பிலேயே வருடக்கணக்கில் ஓடும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் 'எத்தனை சுவர் மிச்சம் இருக்கு, போட்டோ எடுத்துக் காட்டுங்க' என்று கேளுங்கள். இப்போது எல்லாரிடமும் போனில் கேமரா இருக்கிறது. எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: கல்யாணத்துக்கு முன்னால் சிரிப்பு அழகாக வேண்டும் என்று சொத்தையே இல்லாத ஆறு எட்டுப் பற்களைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தேய்த்துக் கேப் கேட்கிறார்கள். அந்த மாடல்களில் வேலை செய்யும்போது கை கூசும். எனாமல் ஒரு தடவை போனால் போனதுதான், வளராது.

கேப் மாட்டும் நாளில் அம்மாவிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: கூச்சப்படக் கூடாது. கலர்த் தாளைக் கடிக்கச் சொல்லி, அதிகம் இடிக்கும் இடத்தைத் தேய்த்துச் சரி செய்வார்கள். 'ஓகேவா அம்மா?' என்று கேட்டதும் நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் 'ஓகே டாக்டர்' என்று எழுந்துவிடுவார்கள். தலைமுடியின் தடிமனை விடக் குறைவான உயரம் கூடினாலும் வாய்க்குத் தெரியும். முதலில் அந்தக் கேப்தான் இடிக்கிறது என்று தோன்றினால் உடனே சொல்ல வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் கடி சரியாகப் பிடிபடாது. ஊசி விறைப்பு போன பிறகு வீட்டில் மென்று பார்த்து, இடித்தால் மறுநாளே திரும்பப் போகலாம். பழகிவிடும் என்று விட்டால் வேரைச் சுற்றி வலி வந்துவிடும்.

அப்புறம் பராமரிப்பு. கேப் சொத்தை ஆகாது, ஆனால் மார்ஜினுக்குக் கீழே இருக்கும் அசல் பல் சொத்தை ஆகும், அங்கே நரம்பும் இல்லை, தெரியவும் தெரியாது. நல்ல கேப் 10, 15 வருடம் தாராளமாக வரும். அதற்கு முன் எங்களிடம் திரும்பி வருபவற்றில் பல கேப் முழுசாக இருக்க, உள்ளே பல் மட்டும் கறுத்துக் கரைந்து போனவைதான். இரவில் ஒரு தடவை பல் இடுக்குப் பிரஷ் போடச் சொல்லுங்கள். சுகர் இருந்தால் ஈறை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வெற்றிலை போடுகிறவர் என்றால் கொட்டைப் பாக்கை விட்டுவிட்டுச் சீவலுக்கு மாறச் சொல்லுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார் என்றால் அதை டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள், இரவில் போட்டுக்கொள்ள ஒரு உறை செய்து தருவார்கள்.

கேப் வரும் வரை அந்தப் பக்கம் முறுக்கு, கடலை மிட்டாய், எலும்பு எதுவும் வேண்டாம். சீடை கூடவே கூடாது. இட்லி எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம்.