பித்தப்பைப் புற்றுநோய் முற்றிய பிறகு ஆபரேஷன் செய்வதில் பலன் உண்டா? கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

உங்கள் வீட்டில் யாருக்கோ என்று புரிகிறது. கத்தி பட்டால் பரவும் என்று எந்த மாமாவோ அத்தையோ கிளப்பியிருப்பார்கள், எங்கள் வீட்டிலும் கிளப்பினார்கள். நான் டாக்டர் இல்லை. அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 61 வயதில் பித்தப்பைக் கல். எங்கள் ஊரிலேயே லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு, பித்தப்பையை எடுத்தார்கள். கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுப் பத்திரமாகக் கையில் கொடுத்தவர்கள், பையைப் புற்று இருக்கிறதா என்று பார்க்கும் பயாப்ஸி சோதனைக்கு அனுப்பவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. ஐந்து மாதத்தில் தொப்புள் தழும்பில் கெட்டியாக ஒரு கட்டி. பித்தப்பைப் புற்றுதான் அது.

சென்னையில் புற்றுநோய் சர்ஜன் படம் வரைந்து காட்டினார். பித்தப்பை ஒட்டியிருந்த ஈரல் பகுதியையும், பித்தநாளத்தைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். முழுசாக எடுக்க முடிந்தால்தான் பலன், மிச்சம் வைத்தால் உடம்பு நொந்ததுதான் மிச்சம் என்றார். ஸ்கேனில் வேறெங்கும் தெரியவில்லை. ஆனாலும் முதலில் கேமரா விட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அரை மணியில் வெளியே வந்துவிட்டார். வயிற்றின் உள்சவ்வில் புற்று குருணை குருணையாகப் பரவியிருக்கிறதாம், எதையும் எடுக்காமல் மூடிவிட்டாராம். அண்ணன் கத்தினான். எனக்கும் அன்று கோபம்தான். அப்புறம் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துகள், 21 நாள் சுற்றில் முதல் நாளும் எட்டாம் நாளும். பதினோரு மாதம் இருந்தாள். பேத்தி காதுகுத்துக்கு மாவிளக்கு மாவை அவளே பிசைந்தாள். ஈரலை வெட்டியிருந்தால் அந்த மாதங்கள் கட்டிலிலேயே போயிருக்கும்.

கத்தி விஷயம் பொதுவாகக் கட்டுக்கதை. பித்தப்பை விஷயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. உள்ளே புற்று இருப்பது தெரியாமல் எடுக்கும்போது பை கிழிந்து பித்தம் சிந்தினால், அந்தச் செல்கள் வேறிடத்தில் ஒட்டி வளரலாம். உடனே கல் ஆபரேஷனே ஆபத்து என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள். கல் உள்ளவர்களில் மிகச் சிலருக்குத்தான் இது வருகிறது. கங்கைச் சமவெளியில் அதிகம், நம் பக்கம் குறைவு. அதனாலோ என்னவோ இங்கே யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

உங்கள் சர்ஜனிடம் முழுசாக எடுக்க முடியுமா, முதலில் கேமரா விட்டுப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். கீமோவில் சுருங்கிய பிறகு ஆபரேஷன் செய்வதும் உண்டு. காமாலை வந்திருந்தால் கஷ்டம்தான்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? "ஆபரேஷனே நடக்கவில்லையே" என்று பாதிப் பணத்தை வெட்டிவிட்டது. மயக்க மருந்துக்கும் தியேட்டருக்கும் யார் கொடுத்தார்களாம்? இன்னும் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.