மாடிக்கோழியின் நுரையீரலில் மஞ்சள் கட்டி

கேள்வி: கொடுங்கையூரில் மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மழைக்கு அப்புறம் சில கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன, மெலிந்தும் போய்விட்டன. ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் பயனில்லை. செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் பயறு அளவுக்கு மஞ்சள் கட்டிகள். என் கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையா?

பதில்: இருக்கிறது அம்மா. நீங்கள் பார்த்த கட்டியே அது செய்த வேலைதான்.

ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையாக இருக்கலாம். சளிச் சத்தமே இல்லாமல் மூச்சு வாங்கினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கோழிக்குப் படுக்கையாக விரித்த மரத்தூள் நனைந்தால் பூசணம் பிடித்து, அது காய்ந்ததும் கோழி கிளறக் கிளற வித்துகள் (பூஞ்சையின் விதை போன்ற நுண்துகள்கள்) பறக்கும். ஒரு வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். நேரே நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை வரை போய்விடும். நம் நுரையீரலில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் எப்போதும் காவலிருக்கும். கோழிக்கு அவை மிகக் குறைவு. ரத்தத்திலிருந்து ஹெட்டிரோபில் என்ற வெள்ளணுக்கள் ஓடிவந்துதான் சமாளிக்க வேண்டும். வித்தாக இருக்கும்போதே விழுங்கினால் சரி. இழையாக நீண்டுவிட்டால் ஒரு செல்லுக்கு அடங்காது. அப்போது பல செல்கள் ஒன்றுகூடி, சில ஒன்றோடொன்று இணைந்து ராட்சத செல்களாகி, பூஞ்சையைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடும். உள்ளே செத்த அணுக்களும் பூஞ்சையும் சேர்ந்து கட்டியாகும். கோழியின் 41 டிகிரி உடல்சூடெல்லாம் இந்தப் பூஞ்சைக்குப் பொருட்டே இல்லை.

சுவருக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் பூஞ்சைக்கொல்லி மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. நாட்டுக்கோழிக்கு அந்தச் செலவு கட்டுப்படியும் ஆகாது. பூஞ்சையிடம் ஒன்றும் செய்யாத ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துங்கள். மூச்சு வாங்குகிறதே என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி போடச் சொன்னால் கேட்காதீர்கள், போராடும் அணுக்களை அது முடக்கிவிடும்.

காசநோயிலும் கட்டி வரும் என்பதால், அடுத்து ஒன்று செத்தால் அறுக்காமல், ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அன்றே கொண்டுபோய்க் கேளுங்கள்.

இது கோழிக்குக் கோழி தொற்றாது, படுக்கையிலிருந்துதான் வருகிறது. ஆகவே மரத்தூள் முழுவதையும் அள்ளிவிடுங்கள். காய்ந்தபடி பெருக்கினால் அத்தனை வித்தும் உங்கள் மூக்கில்! தண்ணீர் தெளித்து, என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு மூட்டை கட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரவேண்டாம். புதிதாகப் போடும் உமி கையில் பிடித்தால் ஒட்டாமல் உதிர வேண்டும். சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டுங்கள். நாலு பக்கமும் மூடினால் எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாயு தேங்கி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும்.

பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை வெயிலில் உலர்த்திப் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு எதிர்ப்பு அணுக்களையே பலவீனமாக்கும். அரைநாள் வெயிலில் அது போகாது.