பத்து, பத்து, பத்து, மிச்சம் எழுபது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாஸ்டனிலிருந்து முக்கால் மணிநேரத் தொலைவில் ஒரு சிற்றூரில் போன வருடம் வீடு வாங்கினோம். சொத்துவரிச் சீட்டில் ‘கம்யூனிட்டி பிரிசர்வேஷன்’ என்று தனியாக ஒரு தொகை. கேட்டால் மூன்று சதவீதம் என்கிறார்கள். பழைய கட்டடங்கள், திறந்தவெளி, குறைந்த விலை வீடுகள் மூன்றுக்கும் போகிறதாம். சென்ற மாதம், ஊரார் கூடி வாக்களிக்கும் டவுன் மீட்டிங்குக்குப் போனேன். சாய்ந்து கிடக்கும் கல்லறைக் கற்களை நிமிர்த்த முக்கால் மணிநேரம் பேசினார்கள். தேவாலயக் கூரைக்கு வேறு கேட்கிறார்கள். அவர்கள் முன்னோர்களின் கல்லறைக்கு நாம் ஏன் தண்டம் அழவேண்டும்? பழசைக் காப்பாற்று என்பவனும் புதுவீடு கட்டு என்பவனும் ஒருவருக்கொருவர் எதிரி. இருவருக்கும் ஒரே உண்டியலா?

க., மாசசூசெட்ஸ்

அன்புள்ள க.,

உங்கள் சீட்டில் தொகை இருக்கும், உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்கள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று சதவீதம் என்பது வீட்டு மதிப்பில் இல்லை, வரியின்மேல் வரி. 7 லட்சம் டாலர் வீடு, ஊரின் வரிவிகிதம் ஒன்றரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பல ஊர்களில் முதல் 1 லட்சத்துக்கு விலக்கு உண்டு. மிச்சம் 6 லட்சத்துக்கு வரி 9,000. அதில் மூன்று சதவீதம் வருடத்துக்கு 270 டாலர். மூன்று என்பது உச்சவரம்புதான். பாஸ்டன் 2001-இல் இந்த வரியையே வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டு, 2016-இல் ஒரு சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டது.

இன்னொன்றும் கட்டியிருக்கிறீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். வீட்டுப் பத்திரத்தைப் பதிந்தபோது பதிவுக் கட்டணத்தோடு 50 டாலர் இதே காரியத்துக்கான மாநில நிதிக்குப் போயிருக்கும். மாநிலத்தில் யார் பதிந்தாலும் அதைக் கட்டவேண்டும். ஆனால் அந்தப் பணம் பிரித்துக் கொடுக்கப்படுவது இந்த ‘கம்யூனிட்டி பிரிசர்வேஷன்’ சட்டத்தை வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்ட ஊர்களுக்கு மட்டும். மாநிலத்தின் 351 ஊர்களில் பாதிக்கு மேல் ஏற்றுவிட்டன. ஏற்காத ஊர்க்காரர் பக்கத்து ஊருக்குப் படியளக்கிறார், அவ்வளவுதான்.

ஒரே உண்டியல் ஏன் என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி. 2000-இல் வந்த இந்தச் சட்டம், ஒவ்வொரு வருட வருவாயிலும் வரலாற்றுக்குக் குறைந்தது பத்து சதவீதம், குறைந்த விலை வீடுகளுக்குப் பத்து, திறந்தவெளிக்குப் பத்து என்கிறது. அந்த வருடமே செலவழிக்கலாம், ஒதுக்கியும் வைக்கலாம். மிச்சமுள்ள எழுபதை ஊர் தன் விருப்பம்போல இந்த வகைகளிலும் விளையாட்டுத் திடல், பூங்காவிலும் போட்டுக்கொள்ளலாம். மூன்று கோஷ்டியும் தனித்தனியாக வந்து வரி கேட்டிருந்தால் மூன்றுமே தோற்றிருக்கும் என்பது என் கணிப்பு. கல்லறைக்காகக் கை தூக்குபவர்கள் எல்லா ஊரிலும் கொஞ்சம் பேர்தான். குறைந்த விலை வீட்டுக்குப் புறநகரில் கை தூக்க ஆளே இருக்காது. எதிரிகளை ஒரே வண்டியில் பூட்டியதால்தான் வண்டி நகர்ந்தது.

அந்த எழுபதில்தான் ஊரின் மனசு தெரியும். கேம்பிரிட்ஜ் நகரம் வருடா வருடம் எண்பது சதவீதத்தை வீட்டுக்குக் கொடுத்து, மற்ற இரண்டுக்கும் சட்டம் சொன்ன பத்தோடு நிறுத்திக்கொள்கிறது. உங்கள் ஊர் மாதிரி, எங்கள் ஊர் மாதிரிப் புறநகர்கள் பலவற்றில் கதை வேறு. வீட்டுக்குப் பத்தை எடுத்து வைப்பார்கள். அது கணக்கில் உட்கார்ந்திருக்கும். திறந்தவெளிக்கு மட்டும் நடுக்கூட்டத்தில் கைதட்டல்.

எங்கள் பக்கத்து ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பண்ணை. உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு மாட்டுச் சாணம் ஆகாது. விவசாய நிலம் என்பதால் இத்தனை காலமும் சலுகை வரிதான் கட்டிவந்தார். அந்தச் சலுகைக்கு ஒரு கொக்கி உண்டு: வீடு கட்ட விற்பதானால், அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமை ஊருக்கு, 120 நாள் கெடுவோடு. வாங்க வந்த பில்டர் ‘நாற்பது பி’ என்று திட்டம் வைத்திருந்தார். அது 1969-இல் வந்த மாநிலச் சட்டம். ஊரின் வீடுகளில் பத்து சதவீதம்கூடக் குறைந்த விலை வீடு இல்லையென்றால், குறைந்த விலை வீடுகளையும் சேர்த்துக் கட்ட வருகிறவர் உள்ளூர் மனை விதிகளைத் தாண்டிப்போக அது வழிவிடும். அதுவரை அந்தப் பண்ணைப் பக்கம் எட்டிப்பார்க்காத ஊர், 120 நாளில் பறவை பார்க்கிற ஊராகிவிட்டது. கூட்டத்தில் ஒரு அம்மாள் புல்வெளிக் குருவிகளைப் பற்றிக் கண்கலங்கப் பேசினார். பணம் இந்த உண்டியலிலிருந்துதான் போனது. இப்படி வாங்கிய நிலத்தில் இனி யாரும் கட்ட முடியாதபடி நிரந்தரக் கட்டுப்பாடு எழுதிவைத்தாக வேண்டும். எழுதிவைத்தார்கள். நான் அங்கே வாரம் ஒருமுறை நடக்கப் போகிறேன், அழகான இடம், குருவியும் இருக்கிறது. ஆனால் சாலையோரம் இரண்டு ஏக்கரை மட்டும் வீட்டுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைப் புல்வெளியாக விட்டிருக்கலாம். அதற்கும் இதே பணத்தைப் போட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. குறைந்த விலை வீடு என்றதும் சேரி வரப்போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம், நம் ஆட்களும்தான். இந்த உண்டியல் சட்டத்தில் அந்த வீட்டுக்கான வருமான வரம்பு, வட்டாரத்தின் நடு வருமானம்வரை போகும். பாஸ்டன் வட்டாரத்தில் உங்கள் குழந்தையின் டீச்சருக்கே அந்த வீடு கிடைக்கலாம்.

தேவாலய விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. அது நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஆக்டன் ஊரில் ஒரு தேவாலயத்துக்கு இந்த நிதியிலிருந்து இரண்டு மானியங்கள், ஒன்று வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைச் செப்பனிட. ஊர்க்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் தேவாலயம் என்பதாலேயே எல்லாம் தவறு என்று சொல்லவில்லை, ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும் என்றது. ஆனால் இயேசுவின் உருவம் உள்ள ஜன்னலுக்கு வரிப்பணம் கொடுப்பதை நிறுத்திவைத்தது. கூரை எந்தப் பக்கம் விழும் என்பது வாதத்துக்குரியது. நீங்கள் கூட்டத்தில் எழுந்து அந்த வழக்கைச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

கல்லறையில் மட்டும் உங்களோடு நான் இல்லை. எங்கள் ஊர்க் கல்லறையில் ஒரு ஸ்லேட் பலகை. மேலே சிறகு முளைத்த மண்டையோடு, கீழே மூன்று குழந்தைகளின் பெயர்கள், மூன்றும் ஒரே மாதத்தில் போயிருக்கின்றன. நிமிர்த்த வந்த பெண் கம்பித் தூரிகையைத் தொடவில்லை. தண்ணீரும் மிருதுவான பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு அரை நாள் பாசியை எடுத்தார். பிறகு குழியில் ஜல்லியும் மணலும் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். கோயில் கல்வெட்டுகள் மணல்வீச்சில் மழுங்கிப்போனதைப் பார்த்தவன் நான், எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் குழந்தைகளின் வம்சத்தில் ஒருவரும் இப்போது ஊரில் இல்லை. ‘அவர்கள் முன்னோர்’ என்கிறீர்களே, அந்த அவர்கள் யார்? (புல் வெட்ட இந்தப் பணத்தைத் தொட முடியாது. வழக்கமான பராமரிப்புக்குச் சட்டத்தில் தடை.)

கடைசியாக ஒன்று. டவுன் மீட்டிங்கில் நீங்கள் பார்த்தது பந்தி. சமையல் வேறு இடத்தில். ஐந்திலிருந்து ஒன்பது பேர் கொண்ட ஒரு குழு இருக்கிறது. அது பரிந்துரைத்தால்தான் எதுவும் மேடைக்கு வரும். டவுன் மீட்டிங் அந்தத் தொகையைக் குறைக்கலாம், தள்ளிவிடலாம், கூட்ட முடியாது. குழு கூட்டிய பொதுக்கருத்துக் கூட்டத்துக்குப் போன குளிர்காலத்தில் நானும் போனேன். நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். நாங்கள் ஆறு பேர். அதில் மூன்று பேர் பிக்கிள்பால் மைதானம் கேட்டு வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.